கடுகு வெடித்த பிறகு வரவேண்டிய சத்தம்

புதுசாகக் குப்பை வண்டி பிடித்திருக்கிற பிள்ளைகளுக்கு, செஞ்சியில் உங்களுக்கு முன்னால் வண்டி பிடித்த மேஸ்திரி எழுதிக்கொள்வது. எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது, தேட வேண்டாம்.

நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவன். பள்ளிக்கூடம் என்னை நிறுத்தவில்லை. தள்ளுவண்டியில் ஆரம்பித்தேன். அப்புறம் மூன்று சக்கர சைக்கிள், அப்புறம் பேட்டரி வண்டி, கடைசியில் துப்புரவு மேஸ்திரி. சிபாரிசு கேட்டு யார் வீட்டு வாசலிலும் நின்றதில்லை. கடைத்தெருவிலிருந்து கோட்டை வாசல் வரைக்கும் நான் குப்பை வாங்காத வீடு கிடையாது. ரிடையர் ஆன அன்றைக்கு மாலை போட்டார்கள், சால்வை போட்டார்கள், இந்த ஆள் மாதிரி இன்னொரு ஆள் கிடைக்க மாட்டான் என்று மைக்கிலேயே சொன்னார்கள். நான் சொல்லிக்கொள்வதாக நினைக்காதீர்கள், ஆபீஸில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

உங்களுக்கு டிரெய்னிங்கில் பச்சை பக்கெட்டில் மக்குகிற குப்பை, நீல பக்கெட்டில் மக்காத குப்பை என்று படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. பச்சை பக்கெட்டைப் படிக்கிறது எப்படி என்று எந்த டிரெய்னிங்கிலும் சொல்ல மாட்டார்கள். ஏனென்றால் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு வீட்டில் சண்டை என்றால் மறுநாள் பக்கெட்டில் முழுச் சோறு கிடக்கும். குழம்பு ஊற்றாத சோறு என்றால் சண்டை முன்னாடியே ஆரம்பித்துவிட்டது. குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு என்றால் உட்கார்ந்த பிறகு யாரோ ஒரு வார்த்தை விட்டிருக்கிறார்கள். புது மருமகள் வந்த வீட்டில் கொஞ்ச நாளைக்குச் சோறு மிஞ்சிக்கொண்டே இருக்கும், அளவு பிடிபடுகிற வரைக்கும். புளித்துப் பொங்கின மாவு கிடந்தால் வீட்டுக்காரம்மா ஊரில் இல்லை. ஒரு வீட்டில் கடித்துப் போட்ட மாங்காய்த் துண்டு தினமும் விழுந்துகொண்டிருந்தது. நான் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். என்னோடு வண்டியில் வந்த அஞ்சலை மூடுகிற ஜாதியில்லை.

“இன்னாடி மருமவளே, எத்தினி மாசம்?” என்று கேட்டேவிட்டாள்.

அந்தப் பெண் வெலவெலத்துப்போனாள். “ஐயோ, மாமியாருக்கே இன்னும் சொல்லல. உங்களுக்கு யாருக்கா சொன்னது?”

“உன் பக்கெட்டுதான் சொல்லிச்சு. உன் மாமியார் பக்கெட்ட எட்டிப் பாக்குறதில்ல, நான் பாக்குறேன்.”

இப்படிப் படிக்கிறதை நான் ஒரு பெருமைக்காகத்தான் வைத்திருந்தேன். ஒரு உயிர் அதில் தொங்கும் என்று அந்த மார்கழி வரைக்கும் எனக்குத் தெரியாது. அந்த உயிரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் பழைய குப்பைமேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் இப்போது வேலை பார்க்கிற உரக்கூடம் வருவதற்கு முன்னால், எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுபோய் ஊர்க்கோடியில் பாறை அடிவாரத்தில் கொட்டுவோம். பிளாஸ்டிக்கு, சோறு, செத்த எலி, எல்லாம் ஒன்றாக. செஞ்சிப் பாறைகள் உங்களுக்குத் தெரியும். யாரோ கையால் எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துவிட்டு, விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்கிற மாதிரி இருக்கும். அதுகளுக்கு அடியில் அந்த மேடு மார்கழிக் காலையில் மூச்சு விடும். ஒரு பக்கம் அமுங்கும், ஒரு பக்கம் புகைந்து மேலே வரும். தூங்குகிற ஆள் நெஞ்சு மாதிரி. நல்ல மழையில்கூட உள்ளே எரியும். மேலே தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும்போதே சந்திலிருந்து ஒரு நீல நாக்கு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடும். என்னோடு வேலை பார்த்தவர்களில் இரண்டு பேர் அதைப் பார்த்த அன்றைக்கே வேலையை விட்டுவிட்டார்கள். நான் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

பரப்புரைக்குக் கலைவாணி என்று ஒரு பெண் வந்து சேர்ந்தாள். அனந்தபுரம் பக்கம். நைனா விவசாயக் கூலி, இவள் காலேஜ் முடித்தவள். வீடு வீடாகப் போய் குப்பையைப் பிரித்துப் போடுங்கள், சோற்றை வீணாக்காதீர்கள் என்று சொல்வதுதான் வேலை. அவளை மேட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய் நீல நாக்கைக் காட்டினேன். பயந்து ஓடுவாள் என்று பார்த்தால், கிட்டே போய் உட்கார்ந்துவிட்டாள்.

“அண்ணே, இது பேய் இல்ல. சோறும் காய்கறியும் காத்து படாம புதைஞ்சு அழுகுச்சுன்னா ஒரு காஸ் வரும். அதுதான் எரியுது. எரியாததெல்லாம் மேல போயி உலகத்தையே சூடாக்குது.”

“செஞ்சி சோறு உலகத்தச் சூடாக்குதா?”

“செஞ்சி சோறும்தான். ஊருக்கு ஊர் இப்படி ஒரு மேடு இருக்குதுண்ணே. எங்க ஊர்ல கதிரு முத்துற நேரத்துல மழை கொட்டி எல்லாம் சாயுது. எங்க நைனா சாமிய திட்டுறாரு. இந்த மேட்டுக்கும் அதுல பங்கு இருக்குது. ஒரு புடி சோத்தக் கொட்டுனா, அதுக்கு எறச்ச தண்ணி, ஓட்டுன டிராக்டரு, எரிச்ச அடுப்பு எல்லாத்தயும் சேத்துதான் கொட்டுறோம். அதோட முடியல. கொட்டுனதுக்கப்புறமும் அது சும்மா இருக்க மாட்டேங்குது.”

நான் அதைப் பேய் என்றேன், அவள் காஸ் என்றாள். செத்தும் சும்மா இருக்காதது என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டோம். அன்றையிலிருந்து அந்தப் பெண் பேச்சை நான் தட்டியதில்லை.

அவள் யோசனையில்தான் ‘மிச்சமில்லா வாசல்’ என்று ஒரு போட்டி வைத்தோம். எந்த வீட்டுப் பச்சை பக்கெட்டில் சோறு விழவில்லையோ அந்த வீட்டுக்குப் பரிசு, வாசலில் ஒரு பலகை, ஆபீஸர் வந்து போட்டோ. பரிசை விடுங்கள், பலகைதான் வேலை செய்தது. எதிர் வீட்டுக்குப் பலகை வந்து நம் வீட்டுக்கு வராவிட்டால் பொறுக்குமா? பிள்ளைகள் பின்னால் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அரிசியைக் கண் அளவில் போட்ட வீடுகளில் ஆழாக்கு வந்தது. மிஞ்சின இட்லியை உதிர்த்து உப்புமா ஆக்கினார்கள். எங்கள் வண்டி லேசாகிப்போனது, அஞ்சலை ஒரு கையால் தள்ளினாள்.

கோட்டைக்குப் போகிற ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சின்னத் தெரு. அதன் கடைசி வீடு, பின்சுவரே பாறைதான். அங்கே ரங்கம்மா அக்கா இருந்தார்கள். ஒரு காலத்தில் மெஸ் நடத்தினவர்கள். கோட்டை பார்க்க வருகிறவர்கள் ஏறி இறங்கி நாக்குத் தள்ளி வந்தால் அங்கேதான் சாப்பாடு. இலையில் மிச்சம் வைத்தால் விடமாட்டார்கள். “யாருக்குடா வெச்சிட்டு எந்திரிக்கிற? பின்னாடி உன் தாத்தா வராரா?” என்று கேட்பார்கள். புருஷன் போய், முழங்கால் போய், மெஸ் மூடியாகிவிட்டது. ஒரே பிள்ளை மெட்ராஸில்.

போட்டி ஆரம்பித்த கொஞ்ச நாளில் அந்த வீட்டுப் பச்சை பக்கெட் காலியாக வர ஆரம்பித்தது. அதில் சோறு மட்டுமில்லை, ஒன்றுமே இல்லை. வாசல் கேட்டின் கொக்கியில் கவிழ்ந்து தொங்கும். கழுவின ஈரம் விளிம்பில் சொட்டிக்கொண்டிருக்கும். தெருவில் பனி மூட்டமாக இருக்கும், மேலே ராஜகிரிக் கோட்டை மலை தெரியாது, அந்தப் பச்சை மட்டும் தொங்கும். முதல் நாள் கலைவாணி கைதட்டினாள். “பாருங்கண்ணே, இதுதான் எனக்கு வேணும்!”

எனக்கு என்னவோ முதுகில் ஈரத்துணி பட்ட மாதிரி இருந்தது.

சோறு விழாத வீடு எனக்குப் புதுசில்லை. மேல்சித்தாமூரிலிருந்து வந்து குடியிருக்கிற நயினார் வீடு, சமணக் குடும்பம், அதே தெருவில்தான். வெங்காயம் பூண்டு சேர்க்க மாட்டார்கள், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள், ராத்திரிக்கு மிச்சம் என்ற பேச்சே இல்லை. அந்த வீட்டிலும் பருக்கை விழாது. ஆனால் வாழைக்காய்த் தோல் விழும், அவரை நார் விழும், டீத்தூள் விழும். சாப்பிடுகிற வீடு என்றால் எதையாவது உரிக்க வேண்டும், நறுக்க வேண்டும். சுத்தம் வேறு, வெறுமை வேறு.

ரங்கம்மா அக்கா வீட்டில் எதுவும் விழவில்லை. ஒரு வெங்காயத் தோல் இல்லை.

இதில் விசித்திரம் என்னவென்றால், அந்த வீட்டில் தினமும் சமையல் நடந்துகொண்டிருந்தது. எங்கள் வண்டி தெருவில் திரும்புகிற நேரத்துக்குச் சரியாகக் கடுகு வெடிக்கும். கருவேப்பிலை படபடக்கும். வாசனை தெருவையே தூக்கும். கரண்டி வாணலியில் ‘டங் டங்’ என்று பேசும். பக்கத்து வீட்டு வசந்தாவைக் கேட்டேன்.

“அவங்களுக்கு இன்னா மேஸ்திரி கொற? புள்ள மாசாமாசம் அனுப்புறானாம். தெனம் தாளிப்பு வாசன எங்க அடுப்பாங்கரைக்கே வருது. எங்க வூட்டுக்காரரு அந்த வாசனைய மோந்துட்டு என் கொழம்ப திட்டுறாரு.”

“நீ உள்ள போயி பார்த்தியா?”

“கேட்டே தொறக்கறதில்ல. முட்டி வலின்றாங்க. உள்ளேருந்தே பேசுறாங்க.”

வண்டிக்குத் திரும்பினால் அஞ்சலை வண்டிக் கைப்பிடியில் எலுமிச்சம்பழம் கட்டிக்கொண்டிருந்தாள்.

“அண்ணா, நான் இனிமே அந்தக் கடைசி வூட்டுக்கு வரமாட்டேன்.”

“இன்னா ஆச்சு?”

“நிமிந்து கூர ஓட்டப் பாரு. தெருவுல எல்லார் வூட்லயும் காக்கா இருக்குது. அந்த வூட்ல ஒண்ணு உக்காருதா? கீழ பாரு, எறும்பு சாரி வசந்தா வூட்டு சுவரோட நின்னுடுச்சு, அதுக்கு மேல போவல. நேத்து பக்கெட்ட எடுக்க கேட்டு சந்துல ஒரு கை வந்துச்சு. கைதான் வந்துச்சு. அதுல சதையே இல்லண்ணா, வளையல் முழங்கை வரைக்கும் வழுக்கிட்டுப் போவுது. அங்க சமைக்கிறது உசுரோட இருக்கிற பொம்பள இல்ல.”

அவளைத் திட்டினேன். ஆனால் காக்காய் விஷயம் உண்மை. எந்த வீட்டு அம்மாவும் வடிச்ச சோற்றில் ஒரு பிடி சுவர்மேல் வைக்காமல் விடமாட்டார்கள். வைத்த வீட்டைக் காக்காய் மறக்காது.

மறுநாள் நானே தனியாகப் போய் அந்தக் கேட்டு ஓரம் நின்றேன். பனி. கடுகு வெடித்தது. கருவேப்பிலை படபடத்தது. நான் அடுத்த சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். உங்கள் அம்மா தாளிக்கும்போது கேட்டிருப்பீர்கள். கடுகு வெடித்த பிறகு, அதைக் கொண்டுபோய்க் குழம்பில் கொட்டுவார்களே, ‘சொய்ய்’ என்று, அந்தச் சத்தம்.

அது வரவில்லை. கரண்டி ‘டங் டங்’ என்றது. அப்புறம் அதுவும் நின்றது. பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு குரங்கு கத்தியது, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் ஊற்றிப் பக்கெட் கழுவுகிற சத்தம் கேட்டது. எதுவுமே போடாத பக்கெட்டை உள்ளே ஒருத்தர் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

கோட்டையில் எத்தனையோ தடவை இருட்டிய பிறகு தனியாக இறங்கி வந்திருக்கிறேன். அன்றைக்குக் காலை வெளிச்சத்தில் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

ஆபீஸுக்கு வந்தால் கலைவாணி சிரித்துக்கொண்டு நிற்கிறாள். முதல் பரிசு ரங்கம்மா அக்காவுக்கு. நாளைக்குக் காலையில் ஆபீஸர் வருகிறார், போட்டோ எடுக்கிறவர் வருகிறார். வாசலில் ஒரு போட்டோ, அடுப்பங்கரையில் ஒரு போட்டோ.

அடுப்பங்கரை என்றதும் எனக்கு அந்த வராத ‘சொய்ய்’ ஞாபகம் வந்தது. நான் நினைப்பது சரியாக இருந்தால், அந்த அம்மா எதைத் தெருவுக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருக்கிறார்களோ அதை நாங்களே விளக்குப் போட்டு ஊருக்குக் காட்டப் போகிறோம். மானத்துக்காகச் சோற்றைக்கூட விட்டவர்கள், அதுக்கப்புறம் உயிரை வைத்துக்கொள்வார்களா? நான் நினைப்பது தப்பாக இருந்தால், பரிசைக் கெடுத்த பைத்தியக்காரன் என்று பேர் வாங்குவேன். கலைவாணியிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். ஒருத்தருக்குச் சொன்னால் அது செய்தி. ரகசியம் என்றால் கண்ணால் பார்த்தவனோடு நிற்க வேண்டும். முதலில் பார்த்துவிட்டு வருவோம் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் அவர்கள் வருவதற்கு முன்னாலேயே போனேன். கையில் என் தூக்குவாளி. என் காலைச் சாப்பாடு அப்போதும் இப்போதும் ஒன்றுதான்: பழைய சோறு, நாலைந்து சின்ன வெங்காயம். அதனால்தான் இந்த வயதிலும் ராஜகிரி ஏறுகிறேன்.

உள்ளே கடுகு வெடிக்க ஆரம்பித்திருந்தது. “அக்கா, பக்கெட்டு மாத்தித் தரணும்னு உத்தரவு, கேட்ட தொறங்க” என்றேன். கொக்கியை நானே கைவிட்டுத் தூக்கி உள்ளே போனேன்.

அடுப்பங்கரை அவ்வளவு சுத்தமாக இருந்தது. மெஸ் காலத்துப் பெரிய பெரிய குண்டான்கள், அண்டாக்கள், சுவர் ஓரமாகக் கவிழ்த்து வரிசையாக. ஒவ்வொன்றும் துலக்கி மின்னியது. ஒவ்வொன்றிலும் நான் கோணலாகத் தெரிந்தேன். அடுப்பில் ஒரு வாணலி. அதில் கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் கடுகு, ஒரு கொத்து கருவேப்பிலை. கொல்லையில் கருவேப்பிலை மரம் இருந்தது, மெஸ் காலத்துக் கடுகு டப்பாவும் டின்னில் கொஞ்சம் எண்ணெயும் இருந்தன. வேறு ஒன்றும் அந்த வீட்டில் இல்லை. ரங்கம்மா அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து, ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, அந்தக் காலி வாணலியில் கரண்டியைத் தட்டித் தட்டிக் கிளறிக்கொண்டிருந்தார்கள். தெருவுக்காக.

அஞ்சலை சொன்ன கை அதுதான். வளையல் முழங்கைக்கு வழுக்கியிருந்தது.

என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அலறுவார்கள் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் ஊருக்குச் சோறு போட்ட வாய், பழக்கத்தில் முந்திக்கொண்டது.

“சாப்டியா தம்பி?”

பிள்ளைகளா, என் சர்வீஸிலேயே கஷ்டமான கேள்வி அது. சாப்பிட்டேன் என்றால் அவர்களுக்கு நிம்மதி, நான் வெளியே வந்துவிடலாம், பின்னாலேயே போட்டோ எடுக்கிறவர் உள்ளே வருவார். சாப்பிடவில்லை என்றால் எதை எடுத்துப் போடுவார்கள்? அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு இரண்டில் எதையும் சொல்ல முடியாது.

நான் சொன்னேன்: “இல்லக்கா. சோறு இருக்குது, தாளிச்சுக் குடுக்க ஆளில்ல.” தூக்குவாளியை நீட்டினேன்.

“பழையதா?”

“ராத்திரி மிஞ்சினது. எங்க வூட்ல கொட்டுறேன்னா. ரங்கம்மாக்கா கையில குடுத்தா விருந்தாயிடும்னு நான்தான் புடுங்கினு வந்தேன்.”

“பொய் சொல்றடா.”

“பொய்தான். கடுகு கருகுதுக்கா.”

அவ்வளவுதான். சமையல்காரிக்குக் கடுகு கருகினால் மானமாவது ஒன்றாவது. தூக்குவாளியைப் பிடுங்கி, சோற்றைப் பிழிந்து, வாணலியில் போட்டார்கள்.

‘சொய்ய்’ என்றது.

அந்தச் சத்தத்தில் அக்கா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்கள். எத்தனை நாளைக்கப்புறம் கேட்கிறார்களோ. அப்புறம் இரண்டு தட்டில் போட்டார்கள். எனக்கு மலையாக, அவர்களுக்குப் பூனைக்கு வைக்கிற மாதிரி. நான் தட்டை மாற்றி வைத்துவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். பசித்தவர் சாப்பிடுவதை உட்கார்ந்து பார்க்கக் கூடாது. பார்க்காமல் இருப்பதற்காக வெங்காயம் உரித்தேன். தோலெல்லாம் மடியில் விழுந்தது.

என் முதுகைப் பார்த்து அக்கா பேசினார்கள். பிள்ளை ரேஷன் கார்டை மெட்ராஸ் முகவரிக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டான். முதலில் அனுப்பினான், அப்புறம் போன் மட்டும், அப்புறம் அதுவும் இல்லை. “புள்ள அனுப்புறான்னு தெருவெல்லாம் சொல்லிட்டேன்டா. அந்த வாயால எப்புடிப் போயி ரேஷன்ல நிக்கிறது? நொய்யி இருந்த வரைக்கும் கஞ்சி. யாரு கிட்டயும் சொல்லிடாத. சொன்னின்னா நான் இருக்க மாட்டேன்.”

தெருமுனையில் ஜீப் ஹாரன் கேட்டது.

நான் எழுந்தேன். எழுந்திருக்கும்போதே வழி தெரிந்துவிட்டது. என் மூளை அப்படி. கவிழ்த்திருந்த பச்சை பக்கெட்டை நிமிர்த்தி, மடியிலிருந்த வெங்காயத் தோலை அதில் உதறினேன். வாழ்நாள் பூராவும் பக்கெட்டைக் காலி பண்ணினவன், ஒரு பக்கெட்டில் நானாகக் குப்பை போட்டது அந்த ஒரு தடவைதான்.

கேட்டை அடைத்துக்கொண்டு நின்றேன். ஆபீஸர், கேமராக்காரர், கலைவாணி, பின்னால் தெருவே நின்றது. எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டு அஞ்சலை எதிர்வரிசையில்.

“சார், இந்த வூட்டுக்குப் பரிசு குடுக்க முடியாது. பக்கெட்டுல குப்பை இருக்குது.” தூக்கிக் காட்டினேன்.

ஆபீஸர் நல்ல மனுஷர், எட்டிப் பார்த்துவிட்டுக் குழம்பினார். “வெங்காயத் தோலுதானே மேஸ்திரி? அதக் கணக்குல எடுக்கலாமா?”

“முழுக் காலின்னுதான சார் இந்த வூட்ட எடுத்தீங்க? தோலப் பாக்காம பலகை மாட்டுனா, நாளைக்கு எல்லார் வூட்லயும் வந்து கேப்பாங்க.”

அதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது, மெஸ் காலத்துக் குரல். “யார் வூட்டு பக்கெட்டுலடா குப்பை?” சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள். தெரு அவர்களை எத்தனையோ நாளைக்கப்புறம் பார்க்கிறது. வசந்தா வாயைப் பொத்திக்கொண்டாள். காரியம் கெட்டது என்று நினைத்தேன்.

“சின்ன வெங்காயத் தோலுக்கா” என்றேன். “காலையில தாளிச்சீங்களே.”

அக்கா பக்கெட்டைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். கேமராவைப் பார்த்தார்கள். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு தலையை நிமிர்த்தினார்கள்.

“ஆமா, தாளிச்சேன். மனுசன் இருக்கிற வூடுன்னா தோலு இருக்கத்தான் செய்யும். பரிச நீயே வெச்சுக்கோ.”

தெரு சிரித்தது. அக்காவே வேண்டாம் என்றதால் பலகை அடுத்த இடத்திலிருந்த நயினார் வீட்டுக்குப் போனது, ஜீப்பும் பின்னாலேயே போனது.

வண்டியோடு நடந்து வரும்போது கலைவாணி மெதுவாகச் சொன்னாள்: “அண்ணே, அந்தம்மா கைய நான் பார்த்தேன். உங்க வேட்டியில வெங்காயத் தோலு ஒட்டியிருக்கிறதயும் பார்த்தேன்.”

“பார்த்துட்டு இன்னா பண்ணப் போற?”

“அந்தம்மா பேருல ரேஷன் கார்டு இருக்குதா, இல்லன்னா வாங்க இன்னா பேப்பர் வேணும்னு பார்க்கப் போறேன். உங்க கிட்ட ஒண்ணும் கேக்கல.”

கேட்கவும் இல்லை. கார்டும் வந்தது, முதியோர் பணமும் வந்தது, யாருக்கும் தெரியாமல் வந்தது. அதுவரைக்கும் சாப்பாட்டுக்கு வழியை அக்காவே பண்ணிக்கொண்டார்கள். பழைய சோற்றை அக்கா தாளித்தால் விருந்து என்று மட்டும் அஞ்சலையிடம் சொன்னேன், மறுநாள் அவள் தன் வீட்டுப் பழையதைக் கொண்டுபோனாள். பேய் வீட்டுக்கு வரமாட்டேன் என்றவள்தான். அதற்கடுத்த நாள் வசந்தா, அவள் புருஷன் அந்த வாசனைக்காகவே துரத்திவிட்டானாம். அப்புறம் தெருவே போனது. ராத்திரி மிஞ்சின சோற்றைத் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் கொண்டுபோனால் அக்கா தாளித்துக் கொடுப்பார்கள். தாளித்த கைக்கு ஒரு பங்கு. தர்மம் இல்லை, பங்கு. கூடவே திட்டும் உண்டு. “இது ஊசிப்போச்சு, மோந்து பாக்க மூக்கு இல்லியா உனக்கு?” “ரெண்டு பேருக்கு எதுக்குடி இவ்ளோ அரிசி, உன் கை இன்னா மொறமா?” அந்தத் திட்டுக்குப் பயந்தே பாதி வீட்டில் சோறு மிஞ்சுவது நின்றுபோனது. நாங்கள் பலகை மாட்டிச் செய்ய முடியாததை அந்த வாய் செய்தது. பக்கெட்டில் வெங்காயத் தோல் விழுந்தது, ஓட்டில் காக்காய் வந்து உட்கார்ந்தது. அக்கா இருந்த வரைக்கும் அது அங்கேதான் கத்திக்கொண்டிருந்தது.

கலைவாணி கூட்டத்தில் பேசும்போது, உலகத்தில் ஒரு பக்கம் கொட்டுகிறார்கள், ஒரு பக்கம் பட்டினி கிடக்கிறார்கள் என்று சொல்வாள். கேட்கிறவர்கள் எங்கேயோ தூர தேசம் என்று தலையாட்டுவார்கள். நான் அந்தத் தெருவை நினைத்துக்கொள்வேன். முழுச் சோறு கொட்டின வீட்டுக்கும் வெறும் கடுகு வெடித்த வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர் இருந்தது. நாலு எறும்புக்குத் தெரிந்தது, சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்த மனிதர்களுக்குத் தெரியவில்லை. குறைவாகக் கொட்டச் சொல்லுங்கள். தொண்டை கிழியச் சொல்லுங்கள், அந்த நீல நாக்கை நான் பார்த்தவன். ஆனால் ஒரு பக்கெட் ஒன்றுமே இல்லாமல் வந்தால் கைதட்டாதீர்கள். வண்டியை நிறுத்துங்கள்.

இதையெல்லாம் ஏன் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால், நேற்றுக் காலையில் நான் நடக்கப் போன வழியில், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் புதுசாக வந்திருக்கிற வாடகை வீடுகள் இருக்கிறதே, அங்கே ஒரு மாடிப்படிக்குக் கீழே பச்சை பக்கெட் ஒன்று கவிழ்ந்து இருந்தது. விளிம்பில் ஈரம். மேல் வீட்டில் கடுகு வெடித்தது. கருவேப்பிலை படபடத்தது. நான் படிக்குக் கீழே நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

படியேறிக் கதவைத் தட்டினேன். கரண்டிச் சத்தம் நின்றது. கதவு திறக்கவில்லை. கிழவன் தட்டினால் திறக்க மாட்டார்கள், பக்கெட் எடுக்கிற வண்டிக்காரர் தட்டினால் திறப்பார்கள்.

அந்தத் தெரு இந்த வாரம் உங்களில் யார் முறை என்று எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும், நாளைக்குக் காலையில் போகும்போது கொஞ்சம் பழைய சோறு எடுத்துக்கொண்டு போங்கள். வெங்காயத்தை அங்கே போய் உரியுங்கள்.